மலைகளை மறுபடி வரைந்தவர்கள் – 11: பேரரசர் மை தொட்ட சுருள்

இதுவரை: யுவான் வம்சத்தின் கடைசிக் காலம். 1347-ல் ஃபுசுன் ஆற்றங்கரை மலைகளுக்குத் திரும்பிய முதியவர் ஹுவாங் கோங்வாங், நண்பர் வூயோங் என்ற தாவோ துறவிக்காக ஒரு நீண்ட சுருளில் அந்த மலைகளை மையால் வரையத் தொடங்கினார். 1350-ல் அதன் கடைசியில் தம் கையால் குறிப்பு எழுதினார். அப்போது அவருக்கு வயது 81.

1487-ல், கைவிட்டுப்போன அந்தச் சுருளை மறக்க முடியாத ஷென் ஜோ, நினைவிலிருந்தே அதை மறுபடி வரைந்தார்.

1650-ல் யீசிங் ஊரில் சாகக் கிடந்த வூ ஹோங்யூ, அந்த ஓவியத்தைத் தம்மோடு கொண்டுபோக நினைத்து நெருப்பில் போடச் சொன்னார். உடன்பிறந்தார் மகன் வூ ஜிங்ஆன் வேறொரு சுருளைத் தீயில் எறிந்துவிட்டு, இதை வெளியே இழுத்துப்போட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் இரண்டு துண்டாகிவிட்டது. சிறிய துண்டு ஒரு கைக்கும் பெரிய துண்டு வேறு கைக்கும் போய்ச் சேர்ந்தன.

இனி, தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து, பெய்ஜிங் அரண்மனை.

* * *

1745. சிங் வம்சத்தின் சியென்லோங் பேரரசருக்கு வயது 34. அரியணை ஏறிப் பத்தாண்டு. நாடு அடங்கியிருக்கிறது, கருவூலம் நிரம்பியிருக்கிறது. பேரரசருக்கு இன்னொரு பசி பிடித்திருக்கிறது: பழைய ஓவியம், பழைய கையெழுத்து.

முந்தைய ஆண்டுதான் அரண்மனையில் உள்ள ஓவியங்களையும் கையெழுத்துகளையும் பட்டியலிட ஆணை பிறப்பித்திருந்தார். 'ஷிச்சூ பாவ்ஜி' என்று பெயர்பெறப்போகும் பெரும் பட்டியல் அது. அறிஞர்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு சுருளையும் விரித்து, அளந்து, முத்திரைகளைப் படித்து, தரம் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நாட்டில் எவரிடம் நல்ல சுருள் இருந்தாலும், அது மெல்ல மெல்ல அரண்மனை வாசலை நோக்கி நகர்ந்த காலம்.

அப்படி வந்து சேர்ந்தது ஒரு மலை ஓவியம். ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். வெறும் மைதான், வண்ணம் கிடையாது. ஆறு, அதன் கரையில் எழுந்து தணியும் குன்றுகள், பைன் மரங்கள், மீனவர் படகுகள், மரங்களுக்கு நடுவே ஓரிரு கூரைகள்.

அதில் ஹுவாங் கோங்வாங் பெயரில் ஒரு குறிப்பும் இருந்தது. ஸிமிங் என்ற நண்பர் ச்சியென்தாங் ஊருக்குத் திரும்புகிறார். மலையில் வாழும் காட்சி ஒன்று வேண்டும் என்று கேட்டார். பிரிவின் பரிசாக இதை வரைந்து கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். ஆண்டு 1338.

பேரரசர் சொக்கிப்போனார். இது மிகையில்லை, அந்தச் சுருளே சாட்சி. பார்த்த மாத்திரத்தில் தூரிகையை எடுத்து அதன் மேலேயே கவிதை எழுதினார். அடுத்த முறை விரித்தபோது இன்னொன்று. பயணம் போகும்போது கூடவே எடுத்துச் சென்றார், தங்கிய இடத்தில் விரித்தார், எழுதினார். கண்முன் உள்ள மலையையும் சுருளில் உள்ள மலையையும் ஒப்பிட்டு எழுதினார். வானத்தில் எழுதினார், மலைக்கும் மலைக்கும் நடுவே எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள்.

சீன மை ஓவியத்தில் வெற்றுத் தாள் வெற்றிடம் ஆகாது. அதுதான் ஆறு, அதுதான் பனிமூட்டம், அதுதான் தொலைவு. ஓவியர் தொடாமல் விட்ட இடத்தில்தான் காற்று ஓடும். அந்த இடத்தை எல்லாம் எழுத்து வந்து அடைத்தது. இன்று அந்தச் சுருளின் படத்தைப் பார்க்கிற எவருக்கும் முதலில் கண்ணில் படுவது மலை இல்லை, வரிவரியாக இறங்கும் பேரரசரின் கையெழுத்து.

இதை ஆணவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட மனம் வரவில்லை. ஓவியத்தில் குறிப்பெழுதுவது அவர்களின் மரபு. ஷென் ஜோ எழுதியிருக்கிறார், ஓவியர் டோங் ச்சிசாங் எழுதியிருக்கிறார். சியென்லோங் அந்தச் சுருளை உண்மையாகவே நேசித்தார். நேசித்த அளவுக்கு விலகி நிற்கத் தெரியவில்லை.

* * *

சிக்கல் ஒரு நூலிலிருந்து வந்தது.

ஷென் தெச்சியென் என்று ஒரு கவிஞர். முதுமையில் அரசுப் பணிக்கு வந்து, பேரரசரின் அன்புக்கு உரியவரானவர். அவர் எழுத்தில் ஹுவாங் கோங்வாங்கின் ஃபுசுன் மலைச் சுருளைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. அந்தச் சுருள் யார் யாரிடம் இருந்தது, எப்படிக் கை மாறியது, யார் யார் அதில் எழுதியிருக்கிறார்கள் என்ற விவரங்கள்.

பேரரசர் அதைப் படித்தார். தம்மிடம் உள்ள சுருளோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை.

அப்படியானால் ஹுவாங் கோங்வாங் இரண்டு சுருள் வரைந்தாரா? தம்மிடம் இருப்பது 'மலை வாசம்', எங்கோ இருப்பது 'ஃபுசுன் மலை வாசம்', இரண்டும் வேறு வேறா? அல்லது இரண்டும் ஒரே ஓவியத்துக்கான இரண்டு பெயரா?

இந்தக் கேள்வியைப் பேரரசர் மறைக்கவில்லை. தேடச் சொன்னார்.

* * *

தேடிய சுருள் அதிக தூரத்தில் இல்லை. தியான்ஜின் நகரத்தில், ஆன் ச்சி என்ற உப்பு வணிகரின் வீட்டில் இருந்தது.

ஆன் ச்சி சாதாரணப் பணக்காரர் இல்லை. கொரிய வழிவந்த குடும்பம். உப்பு வணிகத்தில் குவிந்த செல்வத்தை ஓவியத்திலும் கையெழுத்திலும் போட்டவர். தாம் கண்டவற்றைப் பற்றி நூலே எழுதியவர். அந்த நூலை இன்றும் ஆய்வாளர்கள் மதித்துப் புரட்டுகிறார்கள். தீயில் பிழைத்த பெரிய துண்டு பல கைகள் தாண்டி அவரிடம்தான் வந்து தங்கியிருந்தது.

1746 குளிர்காலம். ஆன் குடும்பத்தின் நிலை சரிந்துவிட்டது. சேர்த்துவைத்த பொக்கிஷங்களை விற்க வேண்டிய கட்டாயம். ஃபுசுன் சுருள், வாங் ஷிஜியின் ஒரு கடிதம், சூ ஷியின் கையெழுத்து, ஹான் கானின் குதிரை ஓவியம், மி யோரென்னின் மலை ஓவியம் என்று சிலவற்றை எடுத்துக்கொண்டு பேரரசரின் மைத்துனரான ஃபூஹெங்கிடம் போனார்கள்.

ஃபூஹெங் காரியவாதி. பசித்தால் தின்ன முடியாது, குளிர்ந்தால் உடுத்த முடியாது, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாராம். சொன்னதைப் பேரரசரே பின்னால் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் செய்தி அரண்மனைக்குப் போயிற்று. பேரரசர் எடுத்துவரச் சொன்னார்.

* * *

இங்கே சற்று நிற்போம்.

நெடுஞ்சுருளை முழுவதுமாக ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. வலக்கையால் சுருட்டிக்கொண்டே இடக்கையால் விரிக்க வேண்டும். கைக்கு அடங்கும் அகலம் மட்டும் கண்முன் இருக்கும். பார்த்த மலை வலப்பக்கம் மறையும், பாராத மலை இடப்பக்கம் திறக்கும்.

இரண்டு சுருளையும் விரித்தால் கிடைப்பது ஒரே மலை. அதே வளைவு, அதே பாறை, அதே மரக்கூட்டம், அதே படகு. ஒரு நண்பருக்கு 1338-ல் ஒன்று, இன்னொரு நண்பருக்கு 1350-ல் ஒன்று என்று கல்லுக்குக் கல் ஒரே மாதிரி எந்த ஓவியரும் வரைவதில்லை. அதிலும் ஹுவாங் கோங்வாங், மலையடிவாரத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து வரைந்தவர். ஆகவே ஒன்று மூலம். மற்றது பிரதி. பேரரசருக்கும் இது புரிந்தது.

எது மூலம், எது பிரதி?

புதிதாக வந்த சுருளில், வூயோங் துறவிக்கான குறிப்பு கடைசியில், மலைகள் முடியும் இடத்துக்கு அப்பால் இருந்தது. அந்தக் குறிப்பே ஒரு கதை. மூன்று நான்கு ஆண்டாகியும் முடிக்க முடியவில்லை என்கிறார் முதியவர். சுருளை மலையில் வைத்துவிட்டு ஊர் சுற்றியதுதான் காரணம். இப்போது மூட்டையில் கூடவே எடுத்து வந்திருக்கிறேன், காலையும் மாலையும் நேரம் கிடைக்கும்போது வரைகிறேன். வூயோங்குக்கு ஒரு பயம்: யாராவது ஏமாற்றியோ பறித்தோ கொண்டுபோய்விடுவார்களோ என்று. அதனால் முன்கூட்டியே அவர் பெயரை எழுதி வைக்கச் சொன்னார்.

ஓவியம் முடிவதற்கு முன்பே உரிமைக் குறிப்பு! போலி செய்கிறவன் இப்படிச் சிக்கலாக ஒன்றைக் கற்பனை செய்யமாட்டான். ஒரு பெயர், ஒரு ஆண்டு, ஒரு பிரிவுபசாரம் என்று வழுவழுப்பாக எழுதிவிட்டுப் போவான். ஸிமிங் சுருளில் இருப்பது அந்த வழுவழுப்புதான்.

அடுத்து, தாள். வூயோங் சுருளின் தொடக்கப் பகுதியில் தீப்பட்ட தடங்கள் இருந்தன. பொசுங்கிய இடங்களுக்கு வேறு தாள் வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். சுருட்டிய நிலையில் தீப்பிடித்ததால், விரிக்க விரிக்க அந்தத் தடம் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி வந்தது. முகப்பில் பொசுங்கியதை மறைக்க, கடைசியில் இருந்த டோங் ச்சிசாங்கின் குறிப்பைத் தொடக்கத்துக்கு மாற்றி ஒட்டியிருந்தார்கள். காயம்பட்ட உடம்பு அது. ஸிமிங் சுருள் நோய்நொடி அறியாதது.

இனிக் கோடு.

ஹுவாங் கோங்வாங் மலையின் உடம்பை நீளமான, தளர்ந்த, ஒன்றோடொன்று பக்கம் பக்கமாக ஓடும் கோடுகளால் கட்டினார். சணல் நார்க் கோடு என்று அந்த முறைக்குப் பெயர். முதலில் நீர்த்த மை. அது காய்ந்தபின் அதன்மேல் கொஞ்சம் அடர்ந்த மை. பிறகு தூரிகையில் ஈரம் குறைந்து, கோடு நடுவே கிழிந்து தாள் தெரியும்படி உலர்ந்த மை. எல்லாம் முடிந்து மேலே கறுத்த புள்ளிகள், புதரும் பாசியுமாக. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு விழும்போது இரண்டுக்கும் நடுவே சில நாட்கள் கடந்திருக்கலாம், சில மாதங்களும் கடந்திருக்கலாம். சில இடங்களில் முன்பு போட்ட கோட்டை விட்டு விலகி, மனம் மாறி, வேறு பக்கம் போயிருப்பதும் தெரியும். வளைவு எங்கே முடியும் என்பது கோடு கிளம்பும்போது அவருக்கே தெரியாது.

பிரதி எடுக்கிறவருக்கு அது தெரியும். அவர் கண் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்கிறது. எவ்வளவு திறமையான கையானாலும் கோடு போய்ச்சேர வேண்டிய இடத்தை நோக்கிப் போகும்; வழியில் அலையாது. மூலத்தில் மூன்று ஆண்டில் படிந்த அடுக்குகளைச் சில வாரத்தில் படியவைக்க வேண்டும். மை ஒரே ஈரத்தில் ஒரே நிறத்தில் நிற்கும். மலை அழகாகவே இருக்கும். கனம் மட்டும் குறையும்.

இவ்வளவும் சியென்லோங்கின் கண்முன் இருந்தன. அவருக்கு ஓவியம் தெரியாது என்று சொல்ல முடியாது. சிறுவயது முதல் தூரிகை பிடித்தவர். ஆயிரக்கணக்கான சுருள்களை விரித்துப் பார்த்தவர்.

அவர் கொடுத்த தீர்ப்பு: புதிதாக வந்தது போலி.

* * *

ஏன்?

அவர் சொன்ன காரணம் ஒன்றுதான் முக்கியமானது. வூயோங் சுருளில் தூரிகை வலுவில்லை, தளர்ந்திருக்கிறது என்றார். இந்த ஒரு காரணத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. எண்பது வயது கை, அவசரமில்லாத கை, தளர்ச்சியையே அழகாக்கிக்கொண்ட கை. அதன் சிறப்பே குற்றப்பத்திரிகையாகிவிட்டது.

சொல்லாத காரணங்கள் வேறு. முதலில் வந்த சுருளுக்கு அவர் ஓராண்டு மனத்தைக் கொடுத்துவிட்டார். அதன்மேல் தம் கவிதைகளை எழுதிவிட்டார். முத்திரைகளைக் குத்திவிட்டார். சுற்றியிருந்த அறிஞர்கள் அதைப் பாராட்டி எழுதிவிட்டார்கள். இப்போது அதைப் பிரதி என்று சொல்ல வேண்டுமானால் ஓவியத்தைப் பற்றி மட்டும் தீர்ப்பு மாறாது; பேரரசரின் கண்ணைப் பற்றிய தீர்ப்பும் மாறும். அதை யார் சொல்வது?

லியாங் ஷிஜெங் என்ற அமைச்சரை அழைத்தார். புதுச் சுருளின் மேல், மலைக்கு மேலே உள்ள வெற்றிடத்தில், பேரரசரின் தீர்ப்பை எழுதச் சொன்னார். அவர் எழுதினார். இது போலி, ஐயமில்லை என்ற வாசகம் ஹுவாங் கோங்வாங்கின் கைபட்ட தாளிலேயே ஏறிற்று. இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். போலியானாலும் ஓவியம் நேர்த்தியாக, பார்க்க இதமாக இருக்கிறது. மூலத்துக்கு ஒரு படி கீழே வைக்கத்தக்க நல்ல நகல் போன்றது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்றார் பேரரசர். ஆன் குடும்பத்தின் பொருட்களுக்கு மொத்தமாக 2,000 வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டார்.

போலி என்று சொன்னார், விடவும் இல்லை. அவர் கண் எதையோ பார்த்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். வாய் ஒப்புக்கொள்ளவில்லை.

* * *

அவர் ஒப்பிட்டுச் சொன்ன அந்த 'நல்ல நகல்' எத்தகையது என்று தெரிந்துகொண்டால்தான், அந்தக் காலத்தில் பிரதிக்கு இருந்த மதிப்பு புரியும்.

தாங் வம்ச காலத்திலேயே அதற்குத் தேர்ந்த கைவினைஞர்கள் அரண்மனையில் இருந்தார்கள். தாளுக்கு மெழுகேற்றி ஒளி ஊடுருவும்படி செய்வார்கள். மூலத்தின் மேல் அதை வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் மயிரிழைக் கோட்டால் எடுப்பார்கள். பிறகு உள்ளே மை நிரப்புவார்கள். எழுத்துக்கலையின் சிகரம் என்று போற்றப்படும் வாங் ஷிஜியின் சொந்தக் கையெழுத்து ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. இருப்பவை எல்லாம் இப்படி எடுத்த நகல்களும் அவற்றின் நகல்களும்தான். அவை இல்லாவிட்டால் வாங் ஷிஜி வெறும் பெயர்.

வேடிக்கையான பொருத்தம் ஒன்று. அதே 1746-ல்தான் சியென்லோங் தம் அரண்மனை அறை ஒன்றுக்கு 'மூன்று அரிய பொருட்களின் கூடம்' என்று பெயரிட்டார். வாங் குடும்பத்தாரின் மூன்று கையெழுத்துகளை அங்கே வைத்துப் போற்றினார். மூன்றும் மூலம் என்று நம்பினார். அவற்றில் வாங் ஷிஜியுடையதும் அவர் மகன் வாங் ஷியான்ஜியுடையதும் பிற்கால நகல்கள் என்பது இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. ஒரே ஆண்டில் நகல் மூலமாயிற்று, மூலம் நகலாயிற்று.

ஓவியத்தில் மேலே வைத்து எடுக்கும் முறை முதல் படிதான். பக்கத்தில் மூலத்தை வைத்துக்கொண்டு பார்த்து வரைவது அடுத்தது. மூலத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து வரைவது அதற்கும் மேல். ஷென் ஜோ செய்தது இதைத்தான். கடைசியாக, ஒரு முன்னோரின் வழியில் தன் சொந்த மலையை வரைவது. பயிற்சி, வழிபாடு, வாதம் எல்லாம் இந்தப் படிகளில் அடங்கும். ஷென் ஜோவுக்குப் பிறகு வாங் ஹுய் இந்த ஃபுசுன் மலைகளைப் பலமுறை வரைந்தார்; அவற்றில் தம் பெயரை மறைக்கவில்லை. இந்த வகைப் பிரதிகளில் ஒரு பொய்யும் கிடையாது.

ஸிமிங் சுருளை வரைந்தவரும் தொடக்கத்தில் அப்படி ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. மலையின் அமைப்பை இவ்வளவு மரியாதையோடு பின்தொடர்ந்த கை, ஏமாற்ற வந்த கையாகத் தெரியவில்லை. கற்க வந்த கை, அல்லது காக்க வந்த கை. குற்றம் பிற்பாடு நுழைந்தது. யாரோ ஒருவர் அந்த நல்ல பிரதியின் மேல் 1338 என்ற ஆண்டையும், ஸிமிங் என்ற பெயரையும், ஹுவாங் கோங்வாங்கின் கையொப்பத்தையும் ஏற்றினார். டோங் ச்சிசாங்கின் குறிப்பையும் நகலெடுத்துச் சேர்த்தார். மலை அப்படியே இருந்தது. ஓரத்தில் ஏறிய சில வரிகளால் பிரதி போலியாயிற்று.

பேரரசர் ஏமாந்ததும் அந்த வரிகளில்தான். மலையைப் படிக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் படித்தார். பிறகு தம் எழுத்தையும் அதன்மேல் ஏற்றினார்.

* * *

இந்தத் தீர்ப்பின் விளைவை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும்.

போலி என்று முத்திரை விழுந்ததால் வூயோங் சுருள் பேரரசரின் மேசைக்கு மறுபடி அதிகம் போகவில்லை. ஆகவே ஐம்பது கவிதைகளின் மை அதன் ஆற்றில் கொட்டவில்லை. லியாங் ஷிஜெங்கின் எழுத்தோடு தப்பியது. ஹுவாங் கோங்வாங் வெறுமையாக விட்ட நீர்ப்பரப்பு இன்றும் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு நகலாளரின் மலை, மூலத்துக்கு முன்னால் நின்று அந்த அடியை எல்லாம் வாங்கிக்கொண்டது.

இதைச் சொல்லி மகிழ்பவர்கள் பலர். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. ஒரு தலைமுறைக்கு மேல், ஃபுசுன் மலை என்றால் அரண்மனையில் விரிக்கப்பட்டது ஸிமிங் சுருள். உண்மையான கோடு எப்படி ஓடும் என்று பார்த்துக் கற்றிருக்க வேண்டிய கண்கள், இறுகிய கோட்டைப் பார்த்து அதுதான் ஹுவாங் கோங்வாங் என்று நம்பின. கையால் கையைப் படித்து வளர்ந்த ஒரு கலையில் அது சிறிய இழப்பு அல்ல.

பேரரசர் 1799-ல் இறந்தார். 1816-ல், அவர் மகன் ஜியாச்சிங் ஆட்சியில், அரண்மனைப் பட்டியலின் மூன்றாம் தொகுதி தயாரானது. வூயோங் சுருளுக்கு அதில் இடம் கிடைத்தது. எழுபது ஆண்டு கழித்து ஒரு சிறு நீதி. ஆனால் மலைமேல் எழுதிய தீர்ப்பை அழிக்க ஆளில்லை. இரண்டு சுருளும் அதே அரண்மனையில் அடுத்தடுத்த பேரரசர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. வம்சம் 1912-ல் முடிந்தது. 1925-ல் அரண்மனை அருங்காட்சியகமாயிற்று.

இதற்கிடையே, தீயில் பிரிந்த சிறிய துண்டு? அரை மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு மலை. அது அரண்மனைக்கு வரவே இல்லை. தனியார் கைகளில் மறைந்து திரிந்துகொண்டிருந்தது. அதன் கதை தனிக் கதை, அதற்கும் வருவோம்.

* * *

1931-ல் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் நுழைந்தது. பெய்ஜிங் அருங்காட்சியகத்தார் வைக்கோலும் பஞ்சும் வைத்துப் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். 1933 பிப்ரவரியில் முதல் ரயில் கிளம்பிற்று. மொத்தம் 13,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள். எல்லாம் தெற்கே, ஷாங்காய்க்கு. அந்தப் பெட்டிகளில் எங்கோ வூயோங் சுருளும் ஸிமிங் சுருளும் இருந்தன. ஒன்றின் மேல் போலி என்றும் மற்றதன் மேல் ஐம்பது முறை மூலம் என்றும் எழுதியிருந்தது.

அதே ஷாங்காயில் சூ பாங்டா என்று ஓர் இளைஞர். 1911-ல் பிறந்தவர். ஓவியம் பயின்றவர், வூ ஹூஃபான் என்ற பெரும் சேகரிப்பாளரின் மாணவர். பழைய ஓவியங்களைத் தாமே மீண்டும் மீண்டும் பிரதி எடுத்துக் கை பழகியவர். பெட்டிகள் ஷாங்காயில் தங்கியிருந்த காலத்தில் அந்த இரண்டு சுருள்களையும் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இருநூறு ஆண்டுத் தீர்ப்பு. பேரரசரின் கையெழுத்து. அமைச்சரின் ஒப்புதல். அவற்றுக்கு எதிரே, இருபதுகளில் இருக்கும் ஒருவரின் கண்.

ஸிமிங் சுருளில் ஹுவாங் கோங்வாங்கின் குறிப்பு எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது? யுவான் காலத்து ஓவியர் ஒருவர் அந்த இடத்தில் எழுதியிருப்பாரா?

(தொடரும்)